தொடர் பார்த்து ஜெர்மன் படிக்கும் செவிலியர்களுக்கு

ஜெர்மனியில் பணிபுரிய விரும்பும் தமிழ்நாட்டுச் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழி கற்பிப்பது என் தொழில். மாதிரி வாய்மொழித் தேர்வு ஒன்றில், 75 வயது நோயாளியாக நடித்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு மாணவி, "ஹாஸ்ட் டு ஷ்மெர்ட்ஸன்?" என்று கேட்டார். உச்சரிப்பும் ஏற்ற இறக்கமும் அங்கேயே பிறந்தவருடையவை போல இருந்தன. ஆனால் அவர் கேட்டது "உனக்கு வலிக்குதா?" என்பது. முன்பின் அறியாத முதியவரிடம் "டு" என்ற ஒருமைக்குப் பதில் "ஸீ" என்ற மரியாதைச் சொல்லையே அவர் பயன்படுத்தியிருக்க வேண்டும். விசாரித்தபோது காரணம் தெரிந்தது: ஆறு மாதங்களாக, பணி முடிந்து வந்ததும், இளைஞர்களைப் பற்றிய ஜெர்மன் தொடர்களைப் பார்த்து வந்திருக்கிறார். அந்தத் தொடர்களில் நண்பர்களும் காதலர்களும் பேசிக்கொள்கிறார்கள். அங்கே "ஸீ"க்கு வேலையே இல்லை.

படம் பார்த்து மொழி கற்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாணவியின் உச்சரிப்பை என் வகுப்பு தந்திருக்காது. எதைக் கற்கிறோம், எதைக் கற்கவில்லை என்று தெரிந்து பார்க்க வேண்டும் என்பதே என் கவலை.

படம் பார்த்தே மலையாளம் பேசக் கற்ற சித்தப்பாவையோ மாமாவையோ உதாரணம் காட்டி, ஜெர்மனுக்கும் அது போதாதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்கிறார். சித்தப்பா பொய் சொல்லவில்லை. மலையாளமும் தமிழும் உடன்பிறந்த மொழிகள். வாக்கியம் அடுக்கப்படும் முறை ஏறத்தாழ ஒன்று, வேர்ச்சொற்கள் பலவும் பொது. ஜெர்மனிலோ உயிரற்ற பொருள்களுக்கும் சேர்த்து மூன்று இலக்கணப் பால்கள் உண்டு. வினைச்சொல்லே இரண்டாகப் பிரிந்து வாக்கியத்தின் இரு இடங்களில் நிற்கும். "நாளை உனக்குத் தொலைபேசியில் பேசுகிறேன்" என்பதற்கு "இஷ் ரூஃபே டிஷ் மோர்கன் அன்" என்கிறார்கள். "ரூஃபே" தனியாக வந்தால் கூவி அழைப்பது; கடைசியில் நிற்கும் "அன்" சேர்ந்த பிறகுதான் அது தொலைபேசி அழைப்பாகிறது. அந்த "அன்" காதில் விழுவதற்குள் திரையில் அடுத்தவர் பேசத் தொடங்கியிருப்பார். பிரித்துக் காட்ட ஒருவர் இல்லாமல், கேட்டுக் கேட்டே இதைப் பிடித்துவிட்ட மாணவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

அடுத்தது சப்டைட்டில். மூன்று மாதம் ஜெர்மன் படம் பார்த்தேன் என்று சொல்கிறவர்களிடம் எந்த மொழி சப்டைட்டிலுடன் பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஆங்கிலம் என்ற பதிலே வருகிறது. அவர்கள் மூன்று மாதம் ஆங்கிலம் படித்திருக்கிறார்கள். பின்னணியில் ஜெர்மன் ஒலித்திருக்கிறது. இதைப் பற்றி 2009-ஆம் ஆண்டு மிட்டரர், மெக்வீன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் நன்கு அறிந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து ஆங்கிலத்தில் 25 நிமிடக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலுடன் பார்த்தவர்களுக்கு, அதுவரை கேட்டிராத வாக்கியங்களும் பிறகு தெளிவாகப் புரிந்தன. தாய்மொழியான டச்சு சப்டைட்டிலுடன் பார்த்தவர்களோ, புதிய வாக்கியங்களைப் பொறுத்தவரை, சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்தங்கினார்கள். கண்ணுக்கு விடை கிடைத்துவிட்டால் காது உழைப்பதில்லை.

அப்படியானால் முதல் நாளிலிருந்தே ஜெர்மன் சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. அந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு மொழி முன்பே தெரியும் என்பதை மறக்கக் கூடாது. ஆங்கிலப் படங்களில் வரும் சொற்களில் 95 விழுக்காட்டை அறிந்திருக்க ஏறத்தாழ 3,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஜெர்மனுக்கு அதைவிடக் குறைவாகத் தேவைப்படும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. மொழி கற்றலின் முதல் படியான ஏ1 நிலைக்கான சொற்பட்டியலில் இருப்பவை 650 அளவிலான சொற்கள்தாம். ஆகவே, தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கற்போருக்காகவே எடுக்கப்பட்டவற்றை மட்டுமே. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே இலவசமாகத் தரும் "நிக்கோஸ் வெக்" தொடர் ஏ1 முதல் இடைநிலையான பி1 வரை படிப்படியாக ஏறுகிறது. பி1 முடித்தவர்கள் சிறுவர் செய்திகளுக்கும், அதன்பின் இரவு எட்டு மணிக்கு வரும் 15 நிமிட "டாகஸ்ஷவ்" செய்திக்கும் போகலாம்.

டப்பிங் செய்யப்பட்ட அமெரிக்கத் தொடர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. பேசும் வசனத்தை உதட்டசைவுக்கு ஏற்ப ஒருவர் எழுதுகிறார். சப்டைட்டிலை, இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பச் சுருக்கி, வேறொருவர் எழுதுகிறார். இரண்டும் ஜெர்மன்தான், ஆனால் பல இடங்களில் ஒத்துப்போகாது. தன் காதில்தான் கோளாறு என்று எண்ணி மனம் தளர்ந்த மாணவர்கள் உண்டு.

திரையில் கேட்பதெல்லாம் தேர்வுத்தாளுக்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். "ஏனெனில்" என்று பொருள்படும் "வைல்" வந்தால் எழுத்து ஜெர்மனில் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். வினையைக் கடைசியில் வைத்தே பழகிய தமிழருக்கு இது இயல்பாக வரும் அரிய இடங்களில் ஒன்று. பேச்சிலோ ஜெர்மானியர்களே பல வேளைகளில் அந்த வினையை முன்னால் வைத்துவிடுகிறார்கள். தொடர் பார்த்துப் பழகிய மாணவர்கள் அதை அப்படியே கடிதத்தில் எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். வகுப்பில் சரியாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் தொடர் பார்க்கத் தொடங்கியபின் தவறு செய்வதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, திரை நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை என்பது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது நன்றாகக் கேட்கும் சிறுவன் ஒருவனைப் பற்றிய விவரம் இருக்கிறது. பெற்றோர் அவனிடம் சைகை மொழியில் பேசவில்லை. அவன் ஆங்கிலம் கேட்டது பெரும்பாலும் தொலைக்காட்சியில். ஏறத்தாழ நான்கு வயதில் சொற்கள் அவனிடம் இருந்தன. வாக்கியங்கள் மட்டும் விசித்திரமாகக் கோணியிருந்தன. பெரியவர்கள் அவனுடன் உட்கார்ந்து பேசத் தொடங்கியபின் விரைவில் சரியாயின. தாய்மொழி கற்கும் குழந்தைக்கே இந்த நிலை என்றால், 28 வயதில் மூன்றாவது மொழி கற்கும் செவிலியரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் வகுப்பில், வாரத்துக்கு ஒரு காட்சி, மூன்று நிமிடம் மட்டுமே. முதலில் சப்டைட்டில் இல்லாமல் பார்க்கிறோம். பிறகு ஜெர்மன் சப்டைட்டிலுடன், ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்கிறோம். மூன்றாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, நடப்பதை இருவர் இருவராக ஒருவருக்கொருவர் விவரிக்க வேண்டும். கேட்கிறவர் இடையில் கேள்வி கேட்டே ஆக வேண்டும். இதற்கு ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. ஒரே இரவில் நான்கு பாகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சலிப்பூட்டுகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த மாணவியும் இதில் சேர்ந்தார். ஒரு மாதம் கழித்து நடந்த அடுத்த மாதிரித் தேர்வில் என்னை நிமிர்ந்து பார்த்து, நிறுத்தி நிதானமாக, "ஹாஸ்ட் ஸீ ஷ்மெர்ட்ஸன்?" என்றார். "நீங்கள்" வந்துவிட்டது, வினை மட்டும் இன்னும் ஒருமையிலேயே இருந்தது. அது "ஹாபன்" ஆக மேலும் இரண்டு வாரம் பிடித்தது.