குவோரம் சென்சிங்: தமிழில் திரளுணர்தல்

செடிகளைத் தாக்கும் பாக்டீரியாக்களைப் பற்றிப் படிக்கும்போது 'குவோரம் சென்சிங்' என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். தன் இனம் சுற்றிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று உணர்ந்து, நோயுண்டாக்கும் மரபணுக்களை முடுக்குவதும் அடக்குவதும்தான் அதன் பொருள்.

'குவோரம்' லத்தீன் சொல்; 'எவர்களுள்' என்று பொருள். இவர்களுள் இன்னார் கட்டாயம் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பழைய நீதிபதி நியமன ஆணைகளில் வரும் வாசகம் இந்தச் சொல்லில் தொடங்கும். அப்புறம் ஒரு கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள்கணக்கைக் குறிக்கலாயிற்று. 'கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு' என்கிறோமே, அதே கோரம்தான். 1994-இல் ஃபுகுவா, வினான்ஸ், கிரீன்பெர்க் மூவரும் எழுதிய கட்டுரை இதை நுண்ணுயிரியலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன், ஒளிரும் கடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்தவர்கள் இதைத் 'தன்தூண்டல்' என்றார்கள்.

உருளைக்கிழங்கை அழுகவைக்கும் பெக்டோபாக்டீரியத்தைப் பாருங்கள். செல்சுவரில் உள்ள பெக்டினைக் கரைக்கும் நொதிகள்தான் அதன் ஆயுதம். நாலைந்து செல்கள் மட்டும் அவசரப்பட்டு நொதியைக் கக்கினால், உடைந்த பெக்டின் துண்டுகளே செடியை உஷார்ப்படுத்திவிடும். அதனால் அடக்கி வாசிக்கிறது. எக்ஸ்பிஆர் என்ற புரதம் டிஎன்ஏவில் உட்கார்ந்து ஆர்எஸ்எம்ஏ என்ற இன்னொரு புரதத்தை உண்டாக்கவைக்கிறது. நொதிகளுக்கான ஆர்என்ஏவை இது முடக்கிவிடுகிறது. இதற்கிடையே ஒவ்வொரு செல்லும் ஏஹெச்எல் என்ற சிறு மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருக, அந்த மூலக்கூறும் செறிந்து எக்ஸ்பிஆரில் ஒட்டுகிறது. எக்ஸ்பிஆர் டிஎன்ஏவை விட்டு விலக, நொதிகள் ஒரேயடியாக வெளிப்படுகின்றன. கிழங்கு கூழாகிவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சட்டமன்ற வழக்கைப் பின்பற்றிக் 'குறைவெண் உணர்தல்' எனலாம். ஆனால் எண் குறைவதை உணர்வதாகப் படிப்பவர் நினைத்துவிடக்கூடும். பாக்டீரியா எதையும் எண்ணுவதுமில்லை. சமிக்ஞை மூலக்கூறின் செறிவைத்தான் உணர்கிறது. 'செறிவுணர்தல்' என்றால் எதன் செறிவு என்ற கேள்வி நிற்கும், கூட்டம் விடுபட்டுவிடும். 'திரளுணர்தல்' என்பதே பொருத்தம் என்பேன். திரள் என்றால் கூட்டம். திரள்தல் என்றால் சேர்ந்து செறிதல். செல்கள், மூலக்கூறு இரண்டுக்கும் ஒரே சொல் ஈடுகொடுக்கிறது.

தக்காளியை வாடவைக்கும் ரால்ஸ்டோனியாவும் திரண்ட பிறகுதான் நீர்க்குழாய்களை அடைக்கும் பசையை மிகுதியாகச் சுரக்கிறது. ஆனால் 'திரண்டால் தாக்கும்' என்று பொருளைச் சுருக்கிவிடக் கூடாது. திராட்சைக் கொடியில் நோயுண்டாக்கும் சைலெல்லாவில் டிஎஸ்எஃப் என்ற சமிக்ஞையைத் தயாரிக்கும் மரபணுவை நீக்கினால் நோய் இன்னும் கடுமையாகிறது. திரளும்போது அது கொடிக்குள் பரவுவதைக் குறைத்து, ஒட்டும் தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. சாறுறிஞ்சும் பூச்சியின் வாய்ப்பகுதியில் பற்றிக்கொண்டு அடுத்த கொடிக்குப் போக அந்த ஒட்டுதல் அதற்குத் தேவை.