பேரியாட்ரிக் அறுவை: கொழுப்பு எங்கிருந்து வந்தது?

போன வாரம் அத்தை ஒரு மருத்துவமனைத் துண்டறிக்கையோடு வந்தார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை, இப்போது இன்சுலின் ஊசி. அறிக்கையில் ‘சர்க்கரை நோய்க்குக் கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. “ஏம்ப்பா, வயித்துக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துட்டா சர்க்கரை எப்படிக் குறையும்?” என்று கேட்டார். அந்தப் பெயரைப் படித்தால் வேறென்ன கேட்கத் தோன்றும்?

அறிக்கை அப்படி மொழிபெயர்த்திருப்பது ‘பேரியாட்ரிக்’ அறுவை என்ற ஆங்கிலப் பெயரை. கிரேக்கத்தில் ‘பாரோஸ்’ என்றால் பாரம், எடை. பாரோமீட்டரில் இருப்பதும் அதுதான். ‘இயாட்ரோஸ்’ மருத்துவர். ஆக, எடை மருத்துவம். கொழுப்பு இதில் எங்குமே இல்லை.

அறுவையிலும் இல்லை. கத்தி படுவது இரைப்பையிலும் சிறுகுடலிலும். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வெட்டியெடுத்து, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். பைபாஸ் என்ற இன்னொரு முறையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் தொடக்கத்தை விட்டுவிட்டுக் கீழே இணைக்கிறார்கள். உணவு போகும் வழி மாறினால் குடல் சுரக்கும் ஹார்மோன்களும் மாறும். எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே பலருக்குச் சர்க்கரை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைப்போசக்‌ஷன். வயிற்றில் தோலுக்கடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்தும் இன்சுலின் செயல்பாடு மேம்படவில்லை என்று 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சர்க்கரைக்கு உதவாத சிகிச்சையின் பெயரை உதவுகிற சிகிச்சைக்கு வைத்திருக்கிறோம்! மொழிபெயர்த்தவர் அறுவை நடக்கும் இடம் எது என்று ஒரு மருத்துவரைக் கேட்டிருந்தால் போதும்.

தனித்தமிழ் நண்பர்கள் ‘வளர்சிதைமாற்ற அறுவை’ என்பார்கள். இந்த அறுவையைச் செய்யும் அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் 2007இல் தன் பெயரில் ‘மெட்டபாலிக்’ (உணவை உடல் பயன்படுத்தும் முறை சார்ந்த) என்பதைச் சேர்த்துக்கொண்டது, அதற்கு இது நேர்த் தமிழ். பாடநூலுக்கு அருமையான சொல். ஆனால் ஒப்புதல் படிவத்தில் ‘சிதை’ என்று பார்த்தால் அத்தை கையெழுத்துப் போடுவாரா? எந்த உறுப்பில் கைவைக்கிறார்கள் என்பதும் அதில் இல்லை.

‘எடைக்குறைப்பு அறுவை’ தெளிவான சொல், பருமனுக்குப் பொருந்தும். ஆனால் சர்க்கரை கட்டுப்படாத ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ, உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 27.5 இருந்தாலே இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது 2016இன் பன்னாட்டுப் பரிந்துரை. அந்த அளவில் இருப்பவர் ‘நான் ஒன்றும் குண்டு இல்லையே’ என்று தாளை மடித்து வைத்துவிடுவார்.

‘இரைப்பை–குடல் மாற்றியமைப்பு அறுவை’ என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் எங்கே, என்ன செய்கிறார்கள் என்று அதிலேயே தெரிகிறது.

அப்புறம், அதே அறிக்கையில் ‘பூரண குணம்’ வேறு. மருத்துவர்கள் சொல்வது தணிவு: சர்க்கரை மாத்திரையோ ஊசியோ இல்லாமல் மூன்று மாதமாவது எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது. தணிந்தது திரும்பவும் வரலாம்.

அத்தையின் தாளில் பழைய பெயரை அடித்துவிட்டு, நான் தேர்ந்த பெயரை எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “இரைப்பையையா வெட்டுவாங்க? அப்ப சாப்பாடு? சத்து மாத்திரை காலம் முழுக்கப் போடணுமா?” மூன்றையும் அதே தாளின் பின்புறம் எழுதிக்கொண்டோம், திங்கட்கிழமை மருத்துவரிடம் கேட்க.