முறுக்குப் பொட்டலத்தின் நடு அடுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சாதாரணப் பாலித்தீன் பையில் கட்டித் தொங்கும் முறுக்கு, சில வாரங்களில் சிக்குவாடை அடிக்கிறது. பை கிழிந்திருக்காது. ஆக்சிஜன் பாலித்தீனின் ஊடாகவே நுழைந்து எண்ணெயைக் கெடுத்துவிடுகிறது. ரப்பர் பலூன் தானே சுருங்குவதும் இப்படித்தான். பால்மரம் தரும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்வாக அசைந்துகொண்டே இருப்பதால் வாயு நழுவிப் போகிறது.

இதைத் தடுக்கும் பிளாஸ்டிக் எத்திலீன் வைனைல் ஆல்கஹால், சுருக்கமாக ஈவிஓஎச். சங்கிலியெங்கும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் வாயு நுழைய இடைவெளி கிடைப்பதில்லை. 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படலத்தில் ஒரு சதுர மீட்டர் வழியே, உலர்ந்த நிலையில் நாளொன்றுக்கு அரை மில்லிலிட்டர் ஆக்சிஜன்கூடப் போகாது. அதே தடிப்புப் பாலித்தீனில் பல ஆயிரம் மில்லிலிட்டர் போகும்.

வைனைல் ஆல்கஹாலை நேரடியாகச் சங்கிலியாகக் கோக்க முடியாது, அது உடனே அசிட்டால்டிஹைடாக மாறிவிடும். அதனால் சுற்றுவழி. எத்திலீனையும் வைனைல் அசிட்டேட்டையும் மெத்தனாலில், பல பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், 60–70 டிகிரி செல்சியஸில் சேர்த்துக் கோக்கிறார்கள். மிஞ்சிய வைனைல் அசிட்டேட்டைச் சுத்தமாக நீக்கியாக வேண்டும், நீக்காவிட்டால் அடுத்த கட்டத்தில் பிசின், அதாவது பிளாஸ்டிக் மூலப்பொருள், மஞ்சளாகும். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு அசிட்டேட்டுகளைக் கழற்றி, அந்த இடத்தில் ஹைட்ராக்சிலை விட்டுச்செல்கிறது. 99 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் தடுப்பு நன்றாக இருக்கும். கடைசியில் குளிர்ந்த நீரில் இழைகளாக உறையவிட்டு, குருணையாக வெட்டி, சோடியம் அசிட்டேட் போகக் கழுவுகிறார்கள்.

எத்திலீன் அளவுதான் பேரமே. 27 மோல் சதவீதத்தில், அதாவது சங்கிலியின் நூறு அலகுகளில் 27 எத்திலீனாக இருந்தால், தடுப்பு மிக உறுதி, ஆனால் படலத்தை இழுத்து வடிவமைப்பது கடினம். 44-இல் எளிதாக வளையும், வாயு கொஞ்சம் கூடுதலாகக் கசியும். பைகளுக்கு 32 நல்ல நடுவழி.

சிக்கல் என்னவென்றால், ஆக்சிஜனைத் தடுக்கும் அதே ஹைட்ராக்சில் தண்ணீரை விரும்பி இழுக்கிறது. நீர் புகுந்து பிணைப்புகளைத் தளர்த்தினால், ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது கசிவு வேகமாக ஏறும். தோட்டப்புறத்து ஈரக்காற்றுக்கு இது பெரிய குறை. ஆகவே 3 முதல் 10 மைக்ரான் ஈவிஓஎச்சை நடுவில் வைத்து, இருபுறமும் பாலித்தீனால் மூடுகிறார்கள். இரண்டும் தாமாக ஒட்டாது, இடையில் மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஏற்றிய ஒட்டுப் பிசின் தேவை. மொத்தம் ஐந்து அடுக்கு.

குருணை ஈரமாக இருந்தால் படலத்தில் குமிழி விழும். உருகல் 240 டிகிரியைத் தாண்டினாலோ, இயந்திரத்தை நிறுத்தும்போது பிசின் உள்ளே தங்கிவிட்டாலோ, கட்டிதட்டிய துகள்கள் தெறிக்கும். நிறுத்துமுன் பாலித்தீனை ஓட்டி வெளியேற்றுவது அவசியம்.

ரெண்டாங் எனும் மலாய் இறைச்சிக் கறிப் பொட்டலத்தை 121 டிகிரியில் வேகவைத்தால் நடு அடுக்கு நீர் குடித்து வெளுத்து, தடுப்பும் சரிந்துவிடும். உலர உலரத்தான் அது மீளும். ஈரமான உணவுப் பொட்டலங்களில் ஈவிஓஎச்சை வெளிப்பக்கத்துக்கு அருகே வைப்பது அதனால்தான்.