அவுட்ரீச் – நாடல்

வலைப்பதிவர் ஒருவர், தாம் எழுதிய பதிவு மேலும் பலரைச் சென்றடைய வேண்டும் என்ற நோக்கத்தோடு, அதே துறையில் எழுதும் வேறு பதிவர்களுக்குத் தனித்தனியே மின்னஞ்சல் எழுதுகிறார். பதிவைப் படித்துப் பார்க்கும்படியோ, அவர்களுடைய பக்கத்திலிருந்து அதற்கு இணைப்புத் தரும்படியோ, விருந்தினர் பதிவு ஒன்று எழுத இடமளிக்கும்படியோ அதில் கேட்கிறார். இச்செயலை இணையத் துறையினர் 'அவுட்ரீச்' என்பர். 'பிளாகர் அவுட்ரீச்', 'ஈமெயில் அவுட்ரீச்' என அடைமொழியோடு வழங்குவதும் உண்டு. தமிழில் எழுதுவோரும் இச்சொல்லை அப்படியே எடுத்தாண்டு வருகின்றனர். செயல் புதிதாக இருப்பதால் சொல்லும் அயலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடத் தேவையில்லை. இதற்குப் பொருந்தும் சொல் தமிழில் நெடுங்காலமாகவே வழக்கில் உள்ளது.

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை முதலில் பார்ப்போம். 'அவுட்' என்பது வெளியே, அப்பால் என்னும் பொருளது. 'ரீச்' என்பது பழைய ஆங்கிலத்தில் கையை நீட்டுவதைக் குறித்த வினை; பின்னர் எட்டுதல், சென்றடைதல் என்று பொருள் விரிந்தது. இவ்விரண்டும் சேர்ந்த கூட்டுச்சொல், வினையாக வழங்கிய காலத்தில், ஒன்றைவிட மிகுதியாக எட்டுதல், மிஞ்சுதல் என்ற பொருளையே தந்தது. பெயர்ச்சொல்லாக அது பரவலான பிறகுதான் தொண்டு அமைப்புகளும் மருத்துவச் சேவையினரும் நூலகத்தாரும், தம்மைத் தேடி வர இயலாத மக்களிடம் தாமே சென்று சேவை அளிப்பதை இச்சொல்லால் குறித்தனர். சந்தைப்படுத்துவோர் கைக்கு அது வந்தபோது பொருளில் ஒரு திருப்பம் நேர்ந்தது. தொண்டுப் பணியில், கொடுப்பவர் பெறுபவரைத் தேடிச் செல்கிறார். பதிவர்களுக்கு எழுதும் மின்னஞ்சலிலோ, கேட்பவர் கொடுக்கக்கூடியவரைத் தேடிச் செல்கிறார். இந்த வேறுபாட்டைக் கருதாமல் தமிழாக்கினால் சொல் பிழைபட்டுவிடும்.

மற்றொருவர் தரும் இணைப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு ஏற்பட்டது என்பதும் சொல்லின் கதையோடு சேர்ந்ததே. 'வெப்லாக்' என்ற பெயரை 1997இல் ஜோர்ன் பார்கர் உருவாக்கினார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை 'பிளாக்' என்று சுருக்கினார். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, 1998இல், லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுள் தேடுபொறியைத் தொடங்கினர். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பைக் கணிப்பது அவர்கள் வகுத்த முறை. ஆகவே இணைப்பு என்பது வாசகரை அழைத்து வரும் வழியாக மட்டுமன்றி, தேடல் முடிவுகளில் மேலே ஏற்றும் வாக்காகவும் ஆயிற்று. வாக்குக்கு மதிப்பு வந்ததும் அதை விலைக்கு வாங்குவோரும் பண்டமாற்றுச் செய்வோரும் பெருகினர். வாக்காக எண்ணப்படாத இணைப்பைக் குறிக்கும் 'நோஃபாலோ' அடையாளம் 2005இலும், செயற்கை இணைப்புகளைக் கொண்ட தளங்களைத் தரமிறக்கும் 'பெங்குவின்' என்னும் கூகுள் தேடல்முறை மாற்றம் 2012இலும் வந்தன. இணைப்புக்காகவே எழுதப்படும் விருந்தினர் பதிவுகளின் காலம் முடிந்துவிட்டது என 2014இல் கூகுளின் மேட் கட்ஸ் வெளிப்படையாக எழுதினார். இத்தனைக்குப் பிறகும் இப்பழக்கம் நின்றுவிடவில்லை. உண்மையான பரிந்துரையின் அருமைதான் முன்னிலும் கூடிற்று.

இந்த அருமையை உணராதவர்கள், ஒரே மடலை நூற்றுக்கணக்கானோருக்குப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டு அதையும் அவுட்ரீச் என்றே சொல்கின்றனர். அது அவுட்ரீச் அன்று. தமிழில் 'எரிதம்' என்று நாம் வழங்கும் குப்பை அஞ்சல். கேட்காதவர்களுக்கு மொத்தமாக விளம்பரம் அனுப்பும் வழக்கம் இணையத்தைவிடவும் பழையது: 1978 மே மாதத்தில், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், கணினி விற்பனைக்கான அறிவிப்பு ஒன்று ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பப்பட்டு எதிர்ப்பைச் சந்தித்தது. இன்று சட்டங்களும் உள்ளன. வணிக நோக்குடைய மின்னஞ்சலில் அனுப்புநரின் அஞ்சல் முகவரியும், இனி வேண்டாம் என மறுக்கும் வழியும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம். கனடாவில் 2014இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பெறுநரின் இசைவையே அடிப்படையாகக் கொள்கிறது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், எரிதம் எனப் பெறுநர்கள் புகாரளிக்கும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஜிமெயில் 2024 முதல் விதித்துள்ளது. சிறிய அளவில் எழுதும் பதிவருக்கு இவ்வெண்கள் நேராகப் பொருந்தாமல் போகலாம். அவருடைய மடலும் பெறுநரின் பொறுமையைத்தான் நம்பியிருக்கிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். உறுப்புக்கு உறுப்பாக மொழிபெயர்த்தால் 'கைநீட்டல்' என்று வரும். தமிழில் கைநீட்டுதல் என்றால் அடித்தல், அல்லது இரத்தல், சில இடங்களில் கையூட்டுப் பெறுதல். மூன்றுமே இங்கு ஆகா. 'எட்டல்' என்பது சென்றடைந்த பயனைச் சொல்கிறதேயன்றி, அடைவதற்கான முயற்சியைச் சொல்லவில்லை. 'பரப்புரை' ஒருவர் பலரை நோக்கிச் செய்வது. நாம் பேசுவதோ ஒருவர் ஒருவருக்கு எழுதுவதைப் பற்றி. 'மக்கள் தொடர்பு' வேறொரு துறைக்குப் பெயராகிவிட்டது. 'அணுகல்' நல்ல சொல்தான். அண்மை, அண்டை முதலிய சொற்களோடு உறவுடையது. அருகில் செல்லுதல் என்னும் பொருளைத் தெளிவாகத் தருவது. ஆயினும் கணினித் துறையில் ஒரு தரவையோ கருவியையோ பயன்படுத்தும் வாய்ப்பைக் குறிக்க அது நிலைபெற்றுவிட்டது. 'மின்னஞ்சல் அணுகல்' என்று எழுதினால், அஞ்சல் பெட்டியைத் திறக்கும் உரிமை என்றே பலரும் கொள்வர்.

'நாடல்' என்பதே பொருத்தமானது எனக் கருதுகிறேன். நாடு என்னும் வினைக்குத் தேடிச் செல்லுதல், விரும்புதல் என்று இன்று பொருள் கொள்கிறோம்; 'உதவி நாடி வந்தார்' என்பது அன்றாட வழக்கு. அதற்கு ஆராய்தல் என்னும் பொருளும் உண்டு. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளில் மருத்துவர் செய்வது ஆராய்ச்சி. 'நாடாது நட்டலின் கேடில்லை' என்னும் குறளிலோ, ஆராயாமல் நட்புக்கொள்வதைப் போன்ற கேடு வேறில்லை என்று வள்ளுவர் கூறுகிறார். 'நாட்டம்' என்ற பெயர்ச்சொல் விருப்பத்தையும் ஆராய்ச்சியையும் குறிப்பதோடு, பழந்தமிழில் கண்ணையும் குறித்தது. ஒருவரை விரும்பித் தேடிச் செல்லுதலும், செல்லும் முன் அவரைப் பற்றி ஆராய்ந்தறிதலும் ஒரே வினைக்குள் அடங்கியிருப்பது ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத சிறப்பு. எரிதத்தையும் நல்ல மடலையும் பிரிப்பது அந்த ஆராய்தல்தான்.

இதற்காக எழுதப்படும் மின்னஞ்சலை 'நாடுமடல்' எனலாம். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டாக, மாடித் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தைக் காப்பது பற்றி ஒருவர் எழுதியுள்ளார் என்று கொள்வோம். 'உங்கள் அருமையான தளத்தைப் பார்த்தேன்' என்று தொடங்கும் மடல் எவருக்கும் அனுப்பத்தக்கது. ஆகவே எவருக்கும் உரியதன்று. பெறுநர் தொட்டிச் செடிகளைப் பற்றி எழுதிய பதிவைக் குறிப்பிட்டு, அதில் வெயில்காலப் பராமரிப்பு சுருக்கமாகவே பேசப்பட்டுள்ளதையும், தம் பதிவு அவ்விடத்தை விரித்துரைப்பதையும் சொல்லி, பொருத்தமெனத் தோன்றினால் மட்டும் இணைக்கலாம் என்று முடிப்பது நாடுமடல். அவருடைய பக்கத்தில் செயலிழந்த இணைப்பு ஒன்றைக் கண்டால் அதைத் தெரிவிப்பதும் பயனுள்ள உதவி. அந்த இடத்துக்குத் தம் பதிவைப் பரிந்துரைப்பதிலும் தவறில்லை. விடை வராதபோது ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் எழுதுவது நாடலாகாது, நச்சரிப்பாகும்.

இதே வேரிலிருந்து வேண்டிய பிற சொற்களையும் ஆக்கிக்கொள்ளலாம். மடல் எழுதுபவர் நாடுநர், பெறுபவர் நாடப்படுநர், யாருக்கு எழுதுவது என முன்கூட்டியே தெரிந்தெடுத்த பெயர்கள் நாடற்பட்டியல். 'பிளாகர் அவுட்ரீச்' என்பதைப் 'பதிவர் நாடல்' என்றும், 'ஈமெயில் அவுட்ரீச்' என்பதை 'மின்னஞ்சல்வழி நாடல்' என்றும் எழுதலாம். தொண்டு அமைப்புகள் மக்களிடம் சென்று ஆற்றும் பணிக்கு இச்சொல்லை நீட்டிக்க வேண்டாம். அங்கே கொடுப்பவரே செல்வதால் 'களப்பணி' என்னும் பழகிய சொல்லே போதும்.