பட்டன் தேயாத டயரும் வெடிக்கும்

ரிம்மிலிருந்து கழற்றிய டயரைத் தரையில் கிடத்தி, அதன் உட்புறத்தைக் கையால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பது, டயர் மாற்றும் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட பழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்தினர் நெடும்பயணத்துக்குமுன் சக்கரங்களை இடம் மாற்றிப் போடச் சொல்லிக் காரை விட்டிருந்தார்கள். பின்பக்கத்து டயர் ஒன்றை இறக்கித் தடவியபோது, கரித்தூள் போன்ற மெல்லிய ரப்பர்த் துகள்கள் விரல்களில் அப்பிக்கொண்டன. விளக்கை உள்ளே காட்டிப் பார்த்தேன். ரிம்முக்குச் சற்று மேலே, பக்கச்சுவரின் உட்பகுதி சுற்றிலும் ஒரு வளையமாக நைந்து, உள்ளிருக்கும் நூலிழைகள் வெளியே தெரிந்தன. வெளிப்புறத்திலோ பட்டன், அதாவது தரையில் படும் பகுதியின் பள்ளமும் மேடுமான வடிவம், ஐந்து மில்லிமீட்டருக்கும் மேல் ஆழம் இருந்தது. "பட்டன் அப்படியே இருக்கிறதே, இதை ஏன் மாற்ற வேண்டும்?" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான்; பட்டனைப் பார்த்து டயரை மதிப்பிடத்தான் எல்லோருக்கும் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. அவருடைய காரில் வால்விலிருந்து மெல்லக் கசிந்த காற்று, பல வாரங்களாக அந்த டயரைக் குறைந்த அழுத்தத்திலேயே ஓட வைத்திருந்தது. அது எப்படி டயரை உள்ளிருந்து தின்றது என்பதைப் புரிந்துகொள்ள, டயருக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காரின் எடையைத் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்று. அந்தக் காற்றை உப்பிவிடாமல் இறுக்கிப் பிடித்திருப்பவை ரப்பருக்குள் புதைந்து கிடக்கும் நூலிழைகளும் எஃகுக் கம்பிகளும். ரப்பர் இவை எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டவைத்து, ஈரம் அண்டாமல் காத்து, சாலையைப் பற்றிக்கொள்கிறது. ட்யூப் இல்லாத டயரின் உட்புறத்தில், காற்றை எளிதில் ஊடுருவ விடாத பியூட்டைல் வகை ரப்பரின் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். பழைய ட்யூபின் வேலையை இப்போது செய்வது அதுதான். அதன்மேல் பாலியெஸ்டர் அல்லது ரேயான் நூலிழைகளாலான அடுக்கு ஒன்றோ இரண்டோ, ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை நீளும். ரிம்மில் உட்காரும் அந்த விளிம்பை பீடு என்கிறோம். அதற்குள் உறுதியான எஃகுக் கம்பிகள் வளையமாகச் சுற்றப்பட்டிருக்கும். நூல் அடுக்கு இந்த வளையத்தைச் சுற்றி மடிந்து மேலேறி, அதிலேயே நங்கூரமிட்டு நிற்கும். தரையில் படும் பகுதிக்கு அடியில், ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக இரண்டு எஃகுப் பெல்ட்டுகளும், வேகமாக ஓடும் டயர்களில் அவற்றை மேலிருந்து இறுக்கிப்பிடிக்க நைலான் சுற்று ஒன்றும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலேதான் பட்டன் வருகிறது.

அடுக்கிக் கட்டப்படும்போது இந்த டயர் மொழுமொழுவென்று, பட்டன் எதுவும் இல்லாமல்தான் இருக்கும். அதைச் சூடான அச்சுக்குள் வைத்து, உள்ளிருந்து அழுத்தம் கொடுத்து, 150 டிகிரி செல்சியசுக்கு மேல் வேகவைக்கும்போதுதான் கந்தகம் ரப்பர் மூலக்கூறுகளைப் பின்னிப் பிணைக்கிறது. பட்டனும் பக்கச்சுவர் எழுத்துகளும் அந்த அச்சிலிருந்தே பதிகின்றன. கந்தகத்தால் ரப்பரைப் பதப்படுத்தலாம் என்று சார்லஸ் குட்இயர் கண்டறிந்தது 1839இல். ஜான் பாய்ட் டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இல் வந்தது. நூலிழைகளைக் குறுக்குமறுக்காகச் சாய்த்துப் போடாமல், சக்கரத்தின் நடுவிலிருந்து ஆரக்கால் போல நேராகப் போடும் ரேடியல் முறைக்கு மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்றது. ரேடியல் டயரில் பக்கச்சுவர் தனியாக நெளிந்துகொடுக்கும். பெல்ட்டுகள் கட்டியிருக்கும் மேற்பகுதியோ தரையில் தட்டையாகப் படிந்தே இருக்கும். சூடு குறைவதும் ஆயுள் கூடுவதும் இதனால்தான்.

நெளிவு என்று சொன்னேன் அல்லவா, அந்தக் குடும்பத்தின் டயரில் நடந்தது முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. 1,300 கிலோ எடையுள்ள காரில் ஒரு டயருக்கு ஏறக்குறைய 325 கிலோ வரும். உள்ளே 32 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ அழுத்தம் இருந்தால், தரையில் படியும் பரப்பு 144 சதுர சென்டிமீட்டர் அளவில் அமையும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கட்டம் ஒன்றை வரைந்து அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள். காற்று குறைந்தால் இந்தப் பரப்பு பெருகும், பக்கச்சுவர் அதிகமாக மடங்கும். 205/55 ஆர்16 அளவுள்ள டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினொரு முறை சுற்றுகிறது. அப்படியானால் பக்கச்சுவரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மணி நேரத்தில் நாற்பதாயிரம் முறை மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைந்த இடம் சுடுவதைப் போலவே டயரும் சுடும். சூடேறிய ரப்பர் நூலிழையை விட்டு விலகத் தொடங்கும். உட்புறம் ஒன்றோடொன்று உரசித் தூளாகும். இத்தனையும் நடக்கும்போது பட்டனில் ஒரு மாற்றமும் தெரியாது.

இனி பக்கச்சுவரில் பதிந்திருக்கும் எழுத்துகளுக்கு வருகிறேன். 205/55 ஆர்16 91வி என்று இருந்தால், 205 என்பது காற்றடைத்த டயரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரையான அகலம், மில்லிமீட்டரில். தரையில் படும் அகலம் இதைவிடக் குறைவு. 55 என்பதைப் பலர் மில்லிமீட்டர் என்று எண்ணிவிடுகிறார்கள், அது விழுக்காடு. பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 விழுக்காடு, ஆகவே 112.75 மி.மீ. ஆர் என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 406.4 மி.மீ. ரிம்மோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் உயரங்களைச் சேர்த்தால் முழு விட்டம் ஏறக்குறைய 632 மி.மீ. வரும். அழகுக்காக 17 அங்குல ரிம்முக்கு மாற விரும்புகிறவர்களுக்கு நாங்கள் 225/45 ஆர்17 பரிந்துரைப்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான். அதன் விட்டம் 634 மி.மீ. இருக்கும். விட்டம் பெரிதாக மாறினால் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். டயர் பெரிதானால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், அந்தத் திசையில் வரும் தவறுதான் ஆபத்தானது.

அளவுக்குப் பின்னால் வரும் 91 என்ற எண்ணைத்தான் நான் எல்லோரிடமும் விரலால் தொட்டுக் காட்டுகிறேன். அது சுமைக் குறியீடு. 91 என்றால் அந்த டயர் 615 கிலோ தாங்கும். 87 என்றால் 545, 94 என்றால் 670. எண்ணில் நான்கு குறைவது அற்பமாகத் தெரியும்; ஆனால் 91க்குப் பதில் 87 போட்டால் நான்கு டயர்களுக்குமாகச் சேர்த்து 280 கிலோ தாங்கும் திறன் போய்விடுகிறது, நான்கு பெரியவர்களின் எடை அது. 205க்குப் பதில் 195/55 ஆர்16 ரிம்மில் சிக்கலின்றி உட்காரும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது, விலையும் குறைவாக இருக்கலாம். அதன் வழக்கமான குறியீடு 87தான். அளவு "பொருந்துகிறது" என்பதற்கும் டயர் சுமையைத் தாங்கும் என்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

கூடுதல் சுமைக்கென்று பலப்படுத்திய டயர்களில் எக்ஸ்எல் என்று பதித்திருப்பார்கள். இவற்றிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண டயரின் முழுத் திறன் பெரும்பாலும் 36 பிஎஸ்ஐயில் கணக்கிடப்படுகிறது. எக்ஸ்எல் டயரின் திறன் 42 பிஎஸ்ஐயில். எக்ஸ்எல் வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் பழைய அழுத்தத்தையே வைத்திருப்பவருக்கு அந்தக் கூடுதல் திறன் முழுமையாகக் கிடைப்பதில்லை.

அதேபோல, பக்கச்சுவரில் அதிகபட்ச அழுத்தம் என்று பதித்திருக்கும் எண் உங்கள் காருக்கான அளவு என்று எண்ணிக் காற்றடிப்பவர்கள் ஏராளம். அந்த டயர் எத்தனையோ வகைக் கார்களில் ஓடக்கூடியது. உங்கள் காரின் எடை அதற்குத் தெரியாது. உரிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், சில கார்களில் எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். ஓட்டுவதற்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு அது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை கூடும். ஓடிச் சூடான டயரில் எண் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். குளிர்ந்த பிறகு அது பற்றாக்குறை ஆகிவிடும்.

வி என்ற எழுத்து வேகக் குறியீடு, மணிக்கு 240 கிலோமீட்டர். டி (T) 190, எச் 210, டபிள்யூ 270. ஆங்கில அகரவரிசையில் முன்னால் வரும் எச் இந்த வரிசையில் யு-வுக்கும் வி-க்கும் நடுவே உட்கார்ந்திருப்பது, தொடக்கத்தில் எஸ், எச், வி என்று மூன்றே பிரிவுகள் இருந்த காலத்தின் எச்சம். "நான் நூறைத் தாண்டுவதே இல்லை, எனக்கு எதற்கு வி?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனின் அளவு என்பதுதான். சோதனைக்கூடத்தில் சுழலும் உருளையின்மேல் டயரைச் சுமையோடு அழுத்தி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றித்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள். கார் தயாரிப்பாளர் குறிப்பிட்டதைவிடக் குறைந்த எழுத்துக்கு இறங்குவது, வெப்பத்துக்கு எதிராக உங்களுக்கு இருந்த இடைவெளியை நீங்களே குறைத்துக்கொள்வது.

அமெரிக்க முறைப்படி தரம் பதித்த டயர்களில் தேய்மான எண் ஒன்றும், ஈரத்தில் பிடிப்புக்கு ஏஏ முதல் சி வரையும், வெப்பத்துக்கு ஏ முதல் சி வரையும் எழுத்துகள் இருக்கும். தேய்மான எண் 400 என்றால் 100 எண்ணுள்ள ஒப்பீட்டு டயரைவிட நான்கு மடங்கு மெதுவாகத் தேய்கிறது என்று பொருள். டெக்சாஸ் மாநிலத்தில் குறித்த பாதை ஒன்றில் சுமார் 11,500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, மீதியைக் கணக்கிட்டு நிறுவனமே இடும் எண் அது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட அது உதவும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அதை அவ்வளவாக நம்ப மாட்டேன். பிடிப்பு எழுத்தும் நேர்க்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது, வளைவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 2012இல் வந்து 2021இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒட்டுச்சீட்டில் எரிபொருள் சிக்கனமும் ஈரப்பிடிப்பும் ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்பட்டு, சத்தம் டெசிபலில் தரப்படுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், ஈரப்பிடிப்பில் மேலான டயரையே தயங்காமல் எடுங்கள்.

பட்டனை அளப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் குறுக்காக இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. அதோடு நிறுத்தாமல், உள்ளங்கையைப் பக்கச்சுவரின்மேல் வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். ஓரிடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் தட்டுப்பட்டால், குழியிலோ நடைபாதை விளிம்பிலோ மோதி அங்கே நூலிழைகள் அறுந்துவிட்டன, காற்றை இப்போது வெறும் ரப்பர்தான் பிடித்து வைத்திருக்கிறது. அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. பக்கச்சுவரில் விழுந்த பஞ்சருக்கும் அப்படித்தான். நெளியும் இடத்தில் ஒட்டு நிலைக்காது.

கடைசியாக, பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் உள்ள நான்கு இலக்கங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இது முழுமையாக இருக்கலாம், பல நேரங்களில் அந்தப் பக்கம் காருக்கு உட்புறமாகப் போய்விடும். முன்சக்கரங்களை முழுவதும் திருப்பி வைத்தால் படித்துவிடலாம், பின்சக்கரங்களுக்குக் கைப்பேசிக் கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுக்கலாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காற்றிலும் வெயிலிலும் முதுமையடைகிறது. ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்லும் கார் தயாரிப்பாளர்கள் பலர். பத்து ஆண்டுகளுக்கு மேல் எந்த நிலையிலும் வேண்டாம் என்பது டயர் நிறுவனங்கள் பலவற்றின் அறிவுரை.

அன்று அந்தக் குடும்பத்தினர், பழுதான டயருக்குப் பதிலாக ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று சொன்னார்கள். எடுத்துப் பார்த்தேன். ஒருநாளும் தரையில் படாத டயர். அச்சின் துளைகளில் புகுந்து உருவான ரப்பர் முடிகள்கூட உதிராமல் நீட்டிக்கொண்டிருந்தன. தேதியைப் படித்தபோது பதினொரு ஆண்டு ஆகியிருந்தது. உரிமையாளரை அருகில் அழைத்து, பட்டன் பள்ளம் ஒன்றை இரு கட்டைவிரல்களாலும் விரித்துக் காட்டினேன். அடியில், வறண்ட வயலில் வெடிப்பு ஓடுவதுபோல், மெல்லிய கோடுகள் வரிசையாகத் திறந்துகொண்டன. அவர் தானும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, இரண்டு டயர்களையும் மாற்றச் சொன்னார்.