நேஷனாலிட்டி: குடியுரிமையா, தேசிய இனமா?

"பையனுக்கு நேஷனாலிட்டி இருக்கு." புதுச்சேரியில் வரன் பேசும்போது இப்படிச் சொன்னால், எந்த நாட்டு நேஷனாலிட்டி என்று யாரும் கேட்பதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமைதான் என்று எல்லோருக்கும் தெரியும். கடலூர் பஸ் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் இந்தப் பொருள் அவ்வளவாக எடுபடாது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்க 1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றுமுதல் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் வீட்டில் நேஷனாலிட்டி உண்டு, பக்கத்து வீட்டில் இல்லை. இரண்டு வீட்டிலும் பேசியது தமிழ்தான்.

சொல்லின் வேர் லத்தீன். பிறத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து 'நாட்டியோ' வந்தது, அதிலிருந்து பிரெஞ்சு 'நாசியோன்'. பிறப்பில் தொடங்கிய சொல், பாஸ்போர்ட்டில் சட்ட உறவை மட்டும் காட்டுகிறது. சோவியத் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் அப்படி இல்லை. உக்ரைனில் ஒரே தெருவில் இருந்தவர்களுக்கும் குடியுரிமை சோவியத் என்றிருக்கும். நேஷனாலிட்டி என்ற இடத்தில் உக்ரைனியர், ரஷ்யர், யூதர் என்று ஆளுக்கு ஆள் மாறும். அதற்குச் சரியான தமிழ் 'தேசிய இனம்'.

நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். என் பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'தேசிய இனம்' என்று அச்சிட்டு, எதிரே நீல மையில் 'இந்தியன்' என்று எழுதியிருக்கிறது. அங்கே கேட்க நினைத்தது குடியுரிமையை.

குடியுரிமை எனக்கு மிகவும் பிடித்த சொல். 'குடிசெயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் குடி, பிறந்த குடும்பம். 'குடிதழீஇக் கோலோச்சும்' என்னும்போது, ஆளப்படும் மக்கள் எல்லோரும் குடி. அப்புறம் குடிபுகுதல், குடித்தனம், குடிக்கூலி என்று வாடகை வீடுவரை அது வருகிறது. பிறந்தவரோடு வந்து தங்கியவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல் இது. லத்தீன் வேரில் அந்த இடம் இல்லை.

சரி, அந்தச் சான்றிதழை எப்படி நிரப்பியிருக்கலாம்? குடியுரிமை: இந்தியா. தேசிய இனம்: தமிழர். பாரிஸில் இருக்கும் என் பெரியம்மா மகன் நிரப்பினால், முதல் வரி மட்டும் மாறும்.