பிரிட்டனில் டிவி லைசென்ஸ்: யார் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் என்ன ஆகும்?

லண்டனிலோ லெஸ்டரிலோ புது வீட்டுக்குக் குடிபோன சில வாரங்களில் ஒரு கடிதம் வரும். உறையில் உங்கள் பெயர் இருக்காது. 'இந்த முகவரியில் குடியிருப்பவருக்கு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பிரித்தால், இந்த வீட்டுக்கு டிவி லைசென்ஸ் இல்லை என்ற எச்சரிக்கை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஒன்று பயந்துபோகிறார்கள், இல்லை ஏதோ விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

டிவி பார்க்க லைசென்ஸா என்று வியக்க ஒன்றுமில்லை. ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீஸில் வருடாவருடம் பணம் கட்டும் வழக்கம் நம் ஊரிலும் 1980கள் வரை இருந்தது. பிரிட்டனில் 1922-ல் பத்து ஷில்லிங்கில் ரேடியோ லைசென்ஸ் வந்தது, 1946-ல் டிவிக்கும் வந்தது. ரேடியோவுக்கானதை 1971-ல் எடுத்துவிட்டார்கள். டிவிக்கு இன்றும் உண்டு. 2025 ஏப்ரலில் வருடக் கட்டணத்தை 174.50 பவுண்டாக உயர்த்தினார்கள். கருப்பு வெள்ளை டிவிக்கு அப்போது தனியாக 58.50 பவுண்ட்.

நம் ஆட்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. "நான் பிபிசி பார்ப்பதே இல்லை, சன் டிவி மட்டும்தான், எனக்கெதற்கு லைசென்ஸ்?" என்று கேட்பார்கள். சட்டம் எந்த சேனல் என்று பார்ப்பதில்லை, நேரலையா இல்லையா என்றுதான் பார்க்கிறது. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். டிவி பெட்டி, லேப்டாப், போன் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஸ்கை சேனலில் ஐபிஎல் மேட்ச் நேரலையாகப் பார்த்தால் வேண்டும். டிவியில் ஓடிக்கொண்டிருக்கும் தமிழ்ச் செய்திச் சேனலையே யூடியூபில் நேரலையாகப் பார்த்தாலும் வேண்டும். பிபிசி நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் ஐபிளேயர் இன்னும் கண்டிப்பு: 2016 செப்டம்பருக்கு அப்புறம் அதில் பழைய நிகழ்ச்சி பார்க்கக்கூட லைசென்ஸ் அவசியம்.

நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் ஏற்கெனவே போட்ட வீடியோ, டிவிடி என்று மட்டும் பார்ப்பவருக்குத் தேவையில்லை. சுவரில் டிவி மாட்டியிருப்பது குற்றமே இல்லை. அப்படிப்பட்டவர் 'எனக்கு லைசென்ஸ் தேவையில்லை' என்று இணையத்தில் தெரிவித்துவிடலாம். தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் கடிதத் தொல்லை குறையும்.

இந்தப் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி பிபிசிக்கு, வருடத்துக்குச் சுமார் 380 கோடி பவுண்ட். பிரிட்டனுக்குள் பிபிசி விளம்பரம் போடுவதில்லை, அதனால் இதுதான் அதன் முக்கிய வருமானம். தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 1941 மே மாதம் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்பு, பிறகு தமிழோசை என்று நாம் அறிந்தது, உலக சேவையின் பகுதி. அந்தச் சேவைக்கு முன்பு அரசு பணம் கொடுத்தது. 2014-லிருந்து பெரும்பகுதி லைசென்ஸ் கட்டணத்திலிருந்தே போகிறது, அரசு மானியமும் கொஞ்சம் சேர்கிறது. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. தமிழ்ச் செய்தி இணையத்தில் தொடர்கிறது. தூத்துக்குடியில் ஒருவர் போனில் அதைப் படிக்கும்போது, லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒருவர் கட்டிய பணமும் அதில் இருக்கிறது. கட்ட வேண்டியவர்கள் கட்டுவது நியாயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கட்டாவிட்டால்? 2003-ம் ஆண்டு தகவல்தொடர்புச் சட்டத்தின்படி இது கிரிமினல் குற்றம். இங்கிலாந்தில் அபராதம் 1,000 பவுண்ட் வரை போகலாம், வழக்குச் செலவு தனி. இந்தக் குற்றத்துக்கு நேரடியாகச் சிறை கிடையாது. ஆனால் கோர்ட் போட்ட அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் சிறை வரைக்கும் போகலாம்.

நடைமுறையில் ஆரம்பம் வாசலில்தான். பகல் பதினொரு மணி. கணவர் வேலைக்குப் போயிருப்பார், இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறப்பது மனைவி. வந்திருப்பவர் டிவி லைசென்ஸ் விசாரணை அதிகாரி. அடையாள அட்டையைக் காட்டி, டிவி பார்ப்பீர்களா, என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு கையெழுத்து கேட்பார். பதில் சொன்னவர் மேல்தான் வழக்கு. இந்தக் குற்றத்தில் தண்டனை பெறுபவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்களாக இருப்பதற்கு, பகலில் கதவைத் திறப்பது அவர்கள்தான் என்பது முக்கியக் காரணம். லைசென்ஸ் கட்டணம் மொத்தக் குடும்பத்துக்கும் பொது. தண்டனை மட்டும் கதவைத் திறந்த ஒருவர் பெயரில். இது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: வந்தவர் போலீஸ் இல்லை. நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் அவருக்கு உள்ளே வர உரிமை இல்லை. பேச விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். பொய் மட்டும் சொல்ல வேண்டாம். புரியாத காகிதத்தில் கையெழுத்தும் போட வேண்டாம்.

வழக்கு நோட்டீஸ் தபாலில் வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். விசா, குடியுரிமை விண்ணப்பங்களில் கோர்ட் அபராதங்களைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால், நம்மவர்கள் இந்த உறையைப் பிரிக்காமல் வைப்பது ஆபத்து.

சலுகைகளில் பலருக்கும் தெரியாதது முதியவர்களுக்கானது. 75 வயதானால் இலவசம் என்பது 2020 ஆகஸ்டில் போய்விட்டது. இப்போது 75 வயதானவர்களில், பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை) அவரோ கூட வாழும் துணையோ வாங்கினால் மட்டுமே. அப்படி ஒரு பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பெயரில் எடுக்கும் இலவச லைசென்ஸ் வீட்டில் எல்லோருக்கும் செல்லும். பார்வை மிகவும் குன்றியவர்களுக்குப் பாதிக் கட்டணம்.

மாணவர்களுக்கு: பல்கலைக்கழக விடுதியில் தனி அறை என்றால் தனி லைசென்ஸ். நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்திருந்தால் பொதுவாக ஒன்றே போதும். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மாதத் தவணையாகக் கட்டலாம். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது லைசென்ஸை ரத்து செய்து, மீதி மாதங்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பே.